சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையே: கொல்லிமலைச் செம்மேட்டை முன்வைத்து எளியோர்க்கான புற்றுநோய்ப் பரிசோதனைத் தடைகள்

ஆய்வுச்சுருக்கம்

கருப்பைவாய், மார்பகம், வாய் ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களைத் தொடக்க நிலையிலேயே கண்டறியும் பரிசோதனைகள் தமிழகத்தின் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. எனினும் தேவையுள்ளோர் அனைவரையும் அவை சென்றடையவில்லை. விழிப்புணர்வின்மையே இதற்குக் காரணம் என்னும் விளக்கம் பரவலாக முன்வைக்கப்படுகிறது. அவ்விளக்கம் போதுமானதன்று என்பதும், சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையே ஒருவர் மேற்கொள்ள வேண்டிய பயணங்களின் எண்ணிக்கையே வருவாய் குறைந்தோரின் முதன்மைத் தடை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் தலைமையிடமான செம்மேட்டின் நிலவமைப்பு எடுத்துக்காட்டாகவும், திண்டுக்கல் மாவட்டத்தில் நடைபெற்ற கள ஆய்வின் முடிவுகள் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புற்றுநோய்ப் பரிசோதனை, கருப்பைவாய்ப் புற்றுநோய், கொல்லிமலை, மலையாளிப் பழங்குடியினர், நலச் சமத்துவம், ஒரே வருகைச் சிகிச்சை.

முன்னுரை

மருத்துவ வசதி மிகுதியாகத் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்னும் முரணை, வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் 'தலைகீழ் நலவிதி' எனப் பெயரிட்டு விளக்கினார். கட்டணம் இன்மை மட்டுமே சமத்துவத்தை உறுதிசெய்வதில்லை என்பது அவ்விதியிலிருந்து பெறப்படும் பாடமாகும். பிரித்தானியாவில் மருத்துவம் கட்டணமற்றதாக ஆக்கப்பட்ட பின்னரும் ஏற்றத்தாழ்வு தொடர்ந்ததை அவர் கண்ணுற்றார்.

தமிழகத்தின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தையும் இக்கண்ணோட்டத்தில் அணுக இடமுண்டு. பரிசோதனைக்குக் கட்டணமில்லை. சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. ஆயினும் ஒரு மலைக் குடும்பத்துப் பெண் பரிசோதனைக்கு வராமலோ, வந்தபின் சிகிச்சையை நிறைவுசெய்யாமலோ போவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண, பரிசோதனையைத் தனியொரு நிகழ்வாகக் கருதாமல், பல படிகள் கொண்ட தொடராகக் காண்பது இன்றியமையாதது.

பரிசோதனை என்னும் தொடர்

நோய்க்குறி ஏதுமற்றவரிடம் நோயின் தொடக்கத்தைத் தேடுவது பரிசோதனை. நோய்க்குறியுடன் வருபவரிடம் காரணத்தை உறுதிசெய்வது நோயறிதல். இவ்விரண்டும் வேறானவை. உலக நலவாழ்வு நிறுவனத்திற்காக வில்சன், யுங்னர் ஆகியோர் 1968இல் வகுத்த நெறிகள், ஒரு நோய்க்குப் பரிசோதனைத் திட்டம் தொடங்குமுன் நோயை உறுதிசெய்வதற்கும் சிகிச்சை அளிப்பதற்குமான வசதிகள் கிடைக்கக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என வலியுறுத்துகின்றன. சிகிச்சையோடு இணையாத பரிசோதனை நோயாளிக்கு அச்சத்தை மட்டுமே தரும் என்பது இதன் உட்பொருள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் இதனைத் தெளிவாக உணர்த்தும். எச்.பி.வி. என்னும் நச்சுயிரியின் நீடித்த தொற்றால் கருப்பைவாயின் திசுக்களில் மாற்றம் தோன்றுகிறது. அம்மாற்றம் புற்றுநோயாக முதிர்வதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்நீண்ட இடைவெளியில் மாற்றத்தைக் கண்டறிந்து அகற்றினால் புற்றுநோய் தோன்றாமலேயே தடுக்கலாம். அவ்வாறு தடுக்கத்தக்க நோயாக இருந்தும், 2022ஆம் ஆண்டிற்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 1,27,526 பெண்கள் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர். 79,906 பெண்கள் இறந்தனர்.

ஊரகப் பகுதிகளில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை கண்வழிச் சோதனையாகும். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது மாற்றமடைந்த திசு வெண்மையாகத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியர் இதனைச் செய்யலாம். முடிவும் உடனே தெரியும். ஆய்வகம் வேண்டாத இம்முறையின் சிறப்பு அந்த உடனடித் தன்மையிலேயே உள்ளது.

தமிழகத்தில் பரிசோதனைத் திட்டங்கள்

உலக வங்கியின் உதவியுடன் செயற்பட்ட தமிழ்நாடு நலவாழ்வு அமைப்புகள் திட்டத்தின் கீழ், 2007 முதல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முன்னோடித் திட்டமாக நடத்தப்பட்டது. 2012இல் இது தொற்றாநோய்த் திட்டத்தின் பகுதியாக மாநிலம் முழுவதும் விரிந்தது. நடுவண் அரசு 2016இல் வெளியிட்ட செயற்பாட்டு வரைவு, 30 முதல் 65 வயது வரையிலானோர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வழிகாட்டியது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் வீடுதோறும் அழைப்பு விடுக்கும் ஒருங்கிணைந்த பரிசோதனைத் திட்டம் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது.

இம்முயற்சிகளால் தமிழகம் பிற மாநிலங்களைவிட முன்னிற்கிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டோர் இந்திய அளவில் 1.9 விழுக்காட்டினர், தமிழகத்தில் 9.8 விழுக்காட்டினர். மார்பகப் பரிசோதனை செய்துகொண்டோர் இந்தியாவில் 0.9 விழுக்காடு, தமிழகத்தில் 5.6 விழுக்காடு. எனினும் 2030ஆம் ஆண்டிற்குள் 70 விழுக்காட்டுப் பெண்கள் 35 வயதிற்குள் ஒருமுறையும் 45 வயதிற்குள் மீண்டும் ஒருமுறையும் பரிசோதிக்கப்பட வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கோடு ஒப்பிட, முன்னிற்கும் மாநிலமும் நெடுந்தொலைவு செல்லவேண்டியுள்ளது.

செம்மேடு: நிலமும் வாழ்வும்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றான கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நிலமாகத் தமிழ் மரபில் அறியப்படுவது. ஓரியின் சிலை நிற்கும் செம்மேடே மலையின் தலைமையிடம். அரசு மருத்துவமனையும் அலுவலகங்களும் இங்குள்ளன. மலைமேல் உள்ள ஊர்கள் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என 'நாடு' என்னும் பெயரால் வழங்குகின்றன. ஒவ்வொரு நாடும் சிதறிய சிற்றூர்கள் பலவற்றின் தொகுப்பாகும். ஆகவே செம்மேட்டில் மருத்துவமனை இருப்பதாலேயே அது மலைமக்கள் அனைவருக்கும் அருகில் இருப்பதாகாது.

இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் ஒப்புமையால் இவர்களைக் கேரள மக்களெனக் கருதுதல் பிழை. இவர்களின் தாய்மொழி தமிழே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 3,57,980 பேரைக் கொண்ட இவர்களே தமிழகப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிக்கவர்கள். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாதுமலை ஆகிய மலைகளிலும் வாழ்கின்றனர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியன கொல்லிமலையின் மரபுப் பயிர்கள். அவற்றின் பரப்பில் பெரும்பகுதியைச் சமவெளிச் சேகோ ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. காப்பி, மிளகு, அன்னாசி, வாழை ஆகியவை பணப்பயிர்கள். கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறித்தல், அதனைத் தொடர்ந்து மிளகு பறித்தல் எனக் கூலி கிடைக்கும் நாட்கள் பருவத்தோடு கட்டுண்டவை. அந்நாட்களில் ஒன்றை இழப்பது ஆண்டின் வருவாயில் ஒரு பகுதியை இழப்பதாகும்.

மலைக்கும் சமவெளிக்கும் இடையே முதன்மையான சாலை, அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டை அடைகிறது. முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு சாலையும் உண்டு. செம்மேட்டிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்ல இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். அங்கு 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத்தின் மேல்நிலை மருத்துவ வசதியைப் பெருக்கியுள்ளது. அவ்வசதியை மலைமக்கள் அடையும் வழியே ஆராயத்தக்கது.

பயணங்களின் கணக்கு

செம்மேட்டிலிருந்து தொலைவிலுள்ள ஒரு நாட்டில் வாழும், 40 வயதுக் கூலித்தொழிலாளியான பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கண்வழிச் சோதனைக்காகச் செம்மேட்டிற்கு வருவது முதற்பயணம். திசு மாற்றம் ஐயுறப்பட்டால், கால்போஸ்கோப்பி என்னும் உருப்பெருக்கிச் சோதனைக்கும் திசு எடுப்பதற்கும் மலையிறங்கிச் செல்வது இரண்டாம் பயணம். திசுச் சோதனையின் முடிவை அறியச் செல்வது மூன்றாவது. சிகிச்சைக்குச் செல்வது நான்காவது. ஓராண்டு கழித்து மறு சோதனைக்குச் செல்வது ஐந்தாவது. ஒவ்வொரு பயணமும் ஒரு முழுநாளை விழுங்கும். பெரும்பாலும் துணைக்கு ஒருவரும் செல்லவேண்டியிருக்கும்.

ஊரக வேலையுறுதித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டிற்குத் தமிழகத்திற்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். இதனை அளவுகோலாகக் கொண்டால், சிகிச்சை முடியும்வரையிலான நான்கு பயணங்களில் இருவர் இழக்கும் கூலி மட்டும் 2,552 ரூபாய். பேருந்துச் செலவும் உணவுச் செலவும் இதில் சேரவில்லை. குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அன்று யார் பார்த்துக்கொள்வது என்னும் சிக்கலுக்கு விலை குறிக்கவும் இயலாது. 'இலவசம்' எனப்படும் சோதனையின் மெய்யான விலை இதுவே.

கூலியிழப்பைக் காட்டிலும் ஆழமான விளைவு ஒன்றுண்டு. ஒவ்வொரு படியிலும் 100 பேரில் 80 பேர் அடுத்த படிக்குச் செல்வதாக ஒரு கருதுகோளாகக் கொள்வோம். இது குறையெனக் கருதத்தக்க எண்ணன்று. ஆயினும் நான்கு படிகள் இருப்பின் இறுதியில் எஞ்சுவோர் 41 பேர் மட்டுமே. அதே படிகளை இரண்டாகச் சுருக்கினால் 64 பேர் எஞ்சுவர். எவருடைய விழிப்புணர்வும் மனப்பாங்கும் இங்கு மாறவில்லை. படிகளின் எண்ணிக்கை மட்டுமே மாறியுள்ளது. மக்களின் அறியாமையாகக் கணக்கிடப்படும் இழப்பில் ஒரு பகுதி, உண்மையில் திட்டத்தின் அமைப்பால் நேரும் இழப்பாகும்.

திண்டுக்கல் தரும் சான்று

இக்கருத்திற்குத் தமிழகத்திலேயே வலுவான சான்று உள்ளது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் அம்பிளிக்கைக் கிறித்தவ மருத்துவ நிலையமும் இணைந்து, 2000 முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கள ஆய்வை நடத்தின. 114 ஊர்த்தொகுதிகள் இரு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, ஒரு பிரிவில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கண்வழிச் சோதனை வழங்கப்பட்டது. முடிவுகள் 2007இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. சோதனைப் பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தோற்றம் 25 விழுக்காடும், அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

இவ்வாய்வு பெரும்பாலும் கண்வழிச் சோதனையின் வெற்றிக்குச் சான்றாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் படிநிலை எண்கள் மற்றொன்றையும் உணர்த்துகின்றன. தகுதியுடைய 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர், சோதனைக்கு வந்தனர். அவர்களுள் 3,088 பேருக்கு மாற்றம் ஐயுறப்பட்டது. அவர்களில் 3,052 பேர் கால்போஸ்கோப்பி செய்துகொண்டனர். இது 98.8 விழுக்காடு. வேறு எப்படியிலும் காணப்படாத இவ்வுயர் அளவிற்குரிய விளக்கம் ஆய்வின் அமைப்பிலேயே உள்ளது. உருப்பெருக்கிச் சோதனை, திசு எடுத்தல், தகுதியானோர்க்குக் கிரையோதெரபி எனப்படும் உறைகுளிர்ச் சிகிச்சை ஆகிய மூன்றையும் அதே வருகையிலேயே செவிலியரே மேற்கொண்டனர். இரண்டாம் பயணம் என ஒன்று தேவைப்படவில்லை.

மாறாக, புற்றுநோய்க்கு முந்தைய திசு மாற்றம் இருந்த 1,874 பெண்களுள் சிகிச்சை பெற்றோர் 72 விழுக்காட்டினரே. பெரிய மாற்றங்கள் உடையோர் வேறிடத்திற்கு அனுப்பப்படவேண்டியிருந்தது. இவ்விடைவெளிக்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். எனினும் ஒரே இடத்தில் முடிந்த படியில் இழப்பு மிகச் சிறிதாகவும், பிரிந்து நின்ற படியில் பெரிதாகவும் இருந்தமை நோக்கத்தக்கது. சமவெளி ஊர்களிலேயே நிலை இதுவாயின், 70 வளைவுகளுக்கு மேலுள்ள ஊர்களில் அவ்விழப்பு பெருகும் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பிற தடைகளும் பயணமும்

பண்பாட்டுத் தடைகள் இல்லை என்பது இதன் பொருளன்று. வலியோ குருதிப்போக்கோ இல்லாதபோது மருத்துவமனைக்குச் செல்வது உழைக்கும் மக்களின் வழக்கத்தில் இல்லை. உள்ளுறுப்புச் சோதனை கூச்சத்திற்குரியது. பெண் பணியாளரும் மறைவிடமும் இல்லாத இடத்தில் அது நிகழாது. புற்றுநோய் என்றாலே இறப்பு என்னும் அச்சமும் உண்டு. ஆனால் இவையும் பயணத்தோடு பிணைந்தவை. அறிந்த கிராமச் செவிலியரிடம் இசையும் பெண், அறியாத நகர மருத்துவமனையில் தயங்குவார். சிகிச்சை கைக்கெட்டாத நிலையில் நோயை அறிய மறுப்பதை அறியாமை என்பதினும், தம் நிலையறிந்த முடிவு என்பதே பொருந்தும்.

மற்ற இரு புற்றுநோய்களிலும் இதே நிலை வேறு வடிவில் தோன்றுகிறது. புகையிலை, மது பயன்படுத்துவோரின் வாயைப் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணால் சோதிப்பது, அவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பைக் குறைக்கும் என்பதைத் திருவனந்தபுரம் மாவட்ட ஆய்வு 2005இல் காட்டியது. மும்பையில் நடந்த ஆய்வில், பணியாளர் கையால் செய்யும் மார்பகப் பரிசோதனை 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இறப்பை 30 விழுக்காடு குறைத்தது 2021இல் வெளியான முடிவுகளால் தெரியவந்தது. இவ்விரு சோதனைகளும் கருவி வேண்டாதவை, சிற்றூரிலேயே செய்யத்தக்கவை. ஆயினும் ஐயத்திற்குரிய புண்ணோ கட்டியோ கண்டறியப்பட்டவுடன் மலையிறங்கும் பயணம் தொடங்கிவிடுகிறது.

சராசரியுள் மறையும் மலை

இத்தகைய தடைகள் திட்டமிடுவோர் கண்ணுக்குப் புலப்படாமைக்குப் புள்ளிவிவரத்தின் அலகும் ஒரு காரணமாகும். தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவுகள் மாவட்ட அளவு வரையே வெளியிடப்படுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி 17,26,601 மக்களைக் கொண்ட நாமக்கல் மாவட்டத்தில் பழங்குடியினர் ஏறத்தாழ 3.3 விழுக்காட்டினர். மாவட்டத்தின் பிற மக்களுள் 10 விழுக்காட்டினர் பரிசோதிக்கப்பட்டு, பழங்குடியினருள் ஒருவர்கூடப் பரிசோதிக்கப்படவில்லை எனக் கொண்டாலும் மாவட்டச் சராசரி 9.67 விழுக்காடாகவே இருக்கும். ஒரு மலை முழுவதும் விடுபட்டாலும் சராசரி அதனைக் காட்டிக்கொடுக்காது.

எண்ணப்படுவது எது என்பதும் கருதத்தக்கது. எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்பதே பொதுவாக வெற்றியின் அளவாகிறது. மாற்றம் கண்டறியப்பட்டோருள் எத்தனை பேர், எத்தனை நாட்களில் சிகிச்சையை நிறைவுசெய்தனர் என்பது அளவாகும்போதே மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும்.

சமத்துவத்திற்கான வழிகள்

பயணங்களே தடையெனில், அவற்றைக் குறைப்பதே தீர்வின் தொடக்கமாகும். முதலாவது, சோதனையும் சிகிச்சையும் ஒரே வருகையில் செம்மேட்டிலேயே முடிதல். உறைகுளிர்ச் சிகிச்சைக்கு வளிமக் கலன்களை மலையேற்றி நிரப்பிவைத்தல் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் கையடக்க வெப்பமுறைச் சிகிச்சைக் கருவிக்கு அத்தேவை இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் இம்முறைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. திசுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை அளிக்கும்போது, தேவையற்ற சிலருக்கும் சிகிச்சை சென்றுவிடும் என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும் தேவையுள்ளோர் பலர் விடுபடுவதோடு அதனைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, எச்.பி.வி. சோதனை. மகாராட்டிரத்தின் உசுமானாபாத் மாவட்ட ஆய்வு, ஒரேயொரு முறை செய்யப்பட்ட இச்சோதனை கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை 2009இல் காட்டியது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்துத் தரலாம். கூச்சம் என்னும் தடையும் முதற்பயணமும் ஒருங்கே நீங்கும். ஆனால் முடிவு ஆய்வகத்திலிருந்து வரவேண்டும் என்பதால், முடிவைத் தெரிவித்தலும் சிகிச்சையும் சிற்றூரை நோக்கி வராவிடில் இழப்பு வேறொரு படிக்கு இடம்பெயருமேயன்றி மறையாது.

மூன்றாவது, மலையிறங்கியே தீரவேண்டியோர்க்கான துணை. முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை வாரத்தில் 5 நாட்களாக ஏறத்தாழ 5 வாரங்கள் தொடரும். நாள்தோறும் மலையேறி இறங்கி அதனைப் பெற இயலாது. காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தங்குமிடத்தையும் இழந்த கூலியையும் அது ஏற்பதில்லை. மகப்பேற்றில் இச்சிக்கலை அரசு முன்னரே உணர்ந்துள்ளது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பேறுகாலக் காத்திருப்பு அறைகள் அமைந்தது, பெண் குறித்த நாளில் தொலைவைக் கடந்து வருவாள் என எதிர்பார்க்கலாகாது என்னும் தெளிவினால்தான். அத்தெளிவைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் விரித்தல் வேண்டும். பரிசோதனை முகாம்களைக் காப்பி, மிளகு பறிக்கும் பருவத்தைத் தவிர்த்து அமைப்பது செலவற்ற முதல்நடை.

முடிவுரை

செம்மேட்டுப் பெண் பரிசோதனைக்கு வராமைக்கு அறியாமை, கூச்சம், அச்சம் எனப் பல காரணங்கள் கூறலாம். அவையனைத்தும் அவரிடம் மாற்றத்தை வேண்டுபவை. பயணங்களின் எண்ணிக்கையோ மருத்துவ அமைப்பினிடம் மாற்றத்தை வேண்டுவது. படிகள் ஒன்றிணைந்த இடத்தில் பெண்கள் விடுபடுவதில்லை என்பதைத் திண்டுக்கல் ஆய்வு தமிழ் மண்ணிலேயே காட்டியுள்ளது. ஆகவே பரிசோதனைச் சமத்துவம் என்பது அனைவருக்கும் ஒரே சோதனையை வழங்குவது மட்டுமன்று. சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையிலான தொலைவை, அதனைக் கடக்க இயலாதோர்க்காகக் குறைப்பதாகும். கொல்லிமலையில் மெய்ப்பிக்கப்படும் வழி, கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை ஆகிய பிற மலைகளுக்கும் வழியாகும். ஒவ்வொரு மலையிலும் சிகிச்சையை நிறைவுசெய்தோர் எண்ணிக்கையைத் தனித்துத் தொகுப்பது இத்துறையில் இனி நிகழவேண்டிய ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமையும்.